கூட இருப்பவர்

ஜூன் 3, செவ்வாய்

ரூபிக்கு நேற்று வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இருபது நிமிட வேலை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் இரண்டு முறை மயக்கம் வந்தது. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. இவை டாக்டர் சொன்னவை. கண்ணாடி வரும்வரை செல்போனைத் தொடவே கூடாது என்பது மஸ்கட்டில் இருக்கும் அவள் மகள் ஷீபா போட்ட கூடுதல் சட்டம்.

மருந்துக்கு அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த நாற்காலி. நான் உயிரியல், அவள் கணக்கு. மரகதவல்லி, ரூபி என்று பெயர் அமைந்ததால் எங்கள் மேசையை எல்லோரும் 'நகைக்கடை' என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கடை நடக்கிறது. காலையில் சேர்ந்து நடப்போம். பத்து மணிக்கு என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். ஒரு மணிக்குச் சாப்பாடு. ஆறு மணிக்குத் தம்பி வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். நடுவில் ஆறு வீடுகள்தான்.

ஜூன் 5, வியாழன்

மதியச் சொட்டு விடும்போது, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி மரகதம், ஷீபா ஒரு காரியம் சொல்லுதா. நீ சிரிக்கக் கூடாது."

"மூக்கச் சொறியாத. மருந்து வழியுது. சொல்லு."

"ஐம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குன்னு செல்போன்ல ஒண்ணு இருக்காம். துணை தேடுததுக்கு. எம்பேர அதுல போடணுங்கா."

"நீ என்ன சொன்ன?"

"போடுன்னுட்டேன்."

நான் சிரிக்கவில்லை. மருந்துக் குப்பியின் மூடி எங்கோ உருண்டுவிட்டது. கட்டிலுக்கு அடியில் தேட ரொம்ப நேரம் ஆனது.

அவள் கணவர் ஞானதீபம் சார் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கேட்டதில் தவறொன்றும் இல்லை. நான் எந்தப் பழமைவாதமும் பேசுகிறவள் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

தன்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டுமாம். அதைப் படித்துத்தான் ஆட்கள் விருப்பம் அனுப்புவார்களாம். ஷீபா ஆங்கிலத்தில் ஒன்று அனுப்பியிருந்தாள். வாழ்க்கையைப் பயணம் என்றும் ரூபியைச் சூரியகாந்தி என்றும் எழுதியிருந்தாள். சூரியகாந்தி முற்றியபின் சூரியனைத் தேடித் திரும்புவதில்லை, கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும் என்று ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு நான்தான் பாடம் எடுத்தேன்.

ரூபி என்னையே எழுதச் சொன்னாள். எழுதினேன். அன்பானவர், பண்பானவர், குடும்பப் பாங்கானவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர்.

வாசித்துக் காட்டினதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டிசியோட பிள்ளைகளுக்குக் குடுப்போம்லா, கான்டக்ட் சர்டிபிகேட்டு, அது மாதிரி இருக்கு. இதுல நா எங்கட்டி இருக்கேன்?"

"பொறவு எப்படி எழுத?"

"ரெக்கார்டு நோட்டுல பிள்ளைகள எழுத வைப்பியே, அப்படி எழுது."

ரெக்கார்டு நோட்டுக்கு நான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. 'காண்பன' பகுதியில் கண்டதை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே. உதாரணமாக, 'இலை அழகாக இருக்கிறது' என்று எழுதினால் பூஜ்யம். 'இலையின் விளிம்பில் பதினான்கு பற்கள் உள்ளன' என்று எழுதினால் முழு மதிப்பெண். படிக்கிறவனே முடிவைத் தெரிந்துகொள்ளட்டும்.

சரி. கண்டதை எழுதுகிறேன். உள்ளது உள்ளபடி.

ஜூன் 9, திங்கள்

எழுதி முடித்தேன். இங்கே ஒரு பிரதி வைக்கிறேன்.

'ரூபி, வயது 62. ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். ஒரு மகள், வெளிநாட்டில்.

காலை ஐந்தே முக்காலுக்கு நடக்கக் கிளம்புவார். கூட இருப்பவர் இன்னும் வரவில்லை என்றால் கேட்டைத் தட்டி ஊரை எழுப்ப மாட்டார்; மதிலில் சாவியால் மூன்று தட்டு. வண்டிகள் போகும் பக்கம் தான் நடந்து, கூட இருப்பவரை உள்பக்கம் விடுவார். வேகமான நடை. கூட இருப்பவருக்கு மூச்சு வாங்கினால், தன் செருப்பு வார் கழன்றதுபோல் குனிந்து நிற்பார்.

மீன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கூட இருப்பவர் சைவம் என்றால், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். சந்தையில் ஒரு கட்டு கீரைக்குக் கால் மணி நேரம் பேரம் பேசுவார். கூட இருப்பவர் வெட்கப்பட்டு நகர்ந்து போனாலும் விடமாட்டார்.

பாட்டு வராது. பாடுவார். கூட இருப்பவர் காதைப் பொத்தினால் இன்னும் உரக்கப் பாடுவார். கூட்டல் கழித்தலை வாய்விட்டுச் சொல்லித்தான் போடுவார். தோற்றதை ஒத்துக்கொள்ள மாட்டார். கோபம் வந்தால் மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் ஒன்றும் நடக்காததுபோல் வந்து, கூட இருப்பவரின் டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பார்.'

வாசித்ததும் ரூபி, "ஏமுட்டி, இவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்றாள்.

"நீதான ரெக்கார்டு நோட்டு மாதிரி கேட்ட."

"சரி, போடு."

பேரம், மீன், கோபம், கர்ண கொடூரமான பாட்டு. இதைப் படித்துவிட்டு எந்த ஆம்பிளை வருவான்? பொய் ஒரு வரிகூட இல்லை. என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

படம் எடுத்தோம். பீரோவிலிருந்து மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவையை எடுக்கச் சொன்னாள். என் பிரிவு உபசார விழாவுக்கு அவள் கட்டி வந்தது சாயம் போன காட்டன். வெயில் அதிகம் என்று அன்றைக்குக் காரணம் சொன்னாள். இன்றைக்கு நாற்பது டிகிரி.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்பதால் அதோடேயே எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. மூன்றாவது படம் மிக நன்றாக இருந்தது. நான் ஐந்தாவதை ஏற்றினேன்.

ஜூன் 14, சனி

முதல் நாளே நான்கு பேர் விருப்பம் அனுப்பியிருக்கிறார்கள்!

அதன் இயக்கம் இப்படி. விருப்பம் வந்தால் ரூபியின் செல்போன் ஒரு தரம் கிணுங்கும். சம்மதம் என்றால் பச்சை, வேண்டாம் என்றால் சிவப்பு. ரூபி பார்க்கக் கூடாது. அதனால் நான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

ஒருவருக்கு எழுபத்தொன்பது வயது, சமையல் தெரிந்த பெண் வேண்டும் என்கிறார். அதை வாசித்துக் காட்டினேன். "தாத்தாவுக்குப் பொண்டாட்டி வேண்டாம், மெஸ்ஸு வேணும்" என்று ரூபி சிரித்தாள். இன்னொருவர் புல்லட்டில் சாய்ந்து நிற்கிறார். அதையும் வாசித்தேன். அதற்கும் சிரித்தாள்.

மற்ற இருவரும் சாதாரணமான, மரியாதையான மனிதர்கள். ஒருவர் விளாத்திகுளத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர். வாசிக்க நேரமில்லை, சொட்டு மருந்து நேரம் வந்துவிட்டது. சிவப்பை அழுத்தினேன்.

ஜூன் 18, புதன்

வெண்டைக்காய் கிலோ நாற்பது. தம்பி மனைவிக்குக் காய்ச்சல், ரசம் வைத்துக் கொடுத்தேன்.

செல்போன் கிணுங்கும்போதெல்லாம் ரூபி அதன் பக்கம் முகத்தைத் திருப்புகிறாள். பரீட்சை முடிவு நாளில் அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு அந்த முகம் இருக்கும். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்புகிறாள். பேச்சு பாதியில் நிற்கிறது. கிணுங்கினது கேஸ் கம்பெனி என்றால் "ப்ச்" என்கிறாள்.

வகுப்பில் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகிவிட்டால், மூன்றாவதாக ஒரு பிள்ளை வந்தால் பையை நடுவில் வைத்துக்கொள்வார்கள். இடம் இல்லை டீச்சர் என்பார்கள். இடம் இருக்கும். நான் அந்தப் பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறேன்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இதுவரை சிவப்பு: ஒன்பது.

ரூபி மீன் குழம்பை ஜன்னல் பக்கம் திரும்பிச் சாப்பிட்டாள். முதுகைப் பார்த்தபடி நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். "எவனும் ஒழுங்கா வரலியோ?" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

"வந்தாச் சொல்ல மாட்டேனா?" என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று ஒன்று வந்திருக்கிறது.

சாலமோன் ஞானமுத்து. வயது 65. தூத்துக்குடி. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். 'முப்பத்திரண்டு வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போனவன். பின்னால் போகிறதை எல்லாம் பார்த்துப் பழக்கம்' என்று தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார். மனைவி இறந்து நான்கு வருஷம். மற்றவர்கள் எல்லோரும் 'ஹாய்' என்றும் 'வணக்கம் மேடம்' என்றும் அனுப்பினார்கள். இவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்.

'உங்கள் குறிப்பை நான்கு தடவை படித்தேன். அதில் ஏழு இடத்தில் கூட இருப்பவர் என்று ஒருவர் வருகிறார். அந்தக் கூட இருப்பவர் யார்? நான் அங்கே வரலாமா என்று அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.'

மூன்று பக்கம் முன்னால் புரட்டி எண்ணினேன். ஏழுதான்.

நான் எழுதியது ரூபியைப் பற்றி. ரூபியைப் பற்றி மட்டும்.

பச்சையும் அழுத்தவில்லை, சிவப்பும் அழுத்தவில்லை. "என்னது, யாரு?" என்றாள் ரூபி. கேஸ் கம்பெனி என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்னும் அழுத்தவில்லை. அவருடைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிறார். காது பெரிது. குறை சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. புல்லட்டில் சாய்ந்து நின்றவரை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது!

வருகிற வெள்ளிக்கிழமை ரூபிக்குக் கண்ணாடி வந்துவிடும். செல்போன் அவள் கைக்குப் போய்விடும். சிவப்பு அழுத்தியவர்களின் பட்டியல் ஒரு மூலையில் அப்படியே இருக்கிறது. அழிக்க வழியிருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது.

அழிக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவள் நான். துண்டுச் சீட்டை வாயில் போட்டு விழுங்கின பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

கண்ணாடி வந்துவிட்டது. போட்டதும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "என்னட்டி, இவ்வளவு நரைச்சுப் போயிருக்க?" என்றாள். செல்போனை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காபி போட அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி வழிந்தது. திரும்பி வந்தபோது பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது பேரு" என்றாள். "மாட்டு டாக்டர்லாம் வந்திருக்காவ."

"அவியெல்லாம் ஒனக்குச் சரிப்பட மாட்டாவன்னு..."

"அத நீ சொல்லுவியோ? இந்த ரயில்காரரு ஒரு வாரமாக் கெடக்காரு. கேஸ் கம்பெனியா இது?"

காபியை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"கண்ணு தெரியலன்னுதான மரகதம் ஒங்கையில குடுத்தேன்."

இதைச் சத்தம் போடாமல் சொன்னாள். காபியைத் தொடவில்லை. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பதினொன்றரைக்கே வந்துவிட்டேன். மதியச் சொட்டு யார் விட்டது என்று தெரியவில்லை.

ஜூலை 5, சனி

மதிலில் தட்டு இல்லை. நடக்கப் போகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தட்டு இல்லை. பழக்கத்தில் டப்பாவில் சாப்பாட்டை அடைத்துவிட்டேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். "மைனி, ஏன் இங்கன வந்து சாப்பிடுதிய?" என்று தம்பி மனைவி கேட்டாள். காற்று என்றேன். ஆறு வீடு தள்ளி மீன் வறுக்கிற வாசனை வந்தது. முதல் தடவையாக மூக்கை மூடிக்கொள்ளவில்லை.

ஜூலை 7, திங்கள்

இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். ரூபி. தம்பி வீட்டுக்கு அவள் வந்து இரண்டு வருஷம் இருக்கும். யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, மேசையில் இருந்த என் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"கத்திரிக்காயா? நேத்து என்ன வச்ச?"

"நேத்தும் முந்தாநாளும் கத்திரிக்காதான்."

"மூணு நாளும் கத்திரிக்காயா. நா இல்லன்னா இப்படித்தான் கெடப்ப."

இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ எழுதினத இப்பந்தான் என் கண்ணால படிச்சேன். எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் விட்டுட்ட."

"என்னது?"

"ஆறு மணிக்குப் பொறவு நா என்ன செய்வேன்னு ஒரு வரிகூட இல்ல."

யோசித்தேன். இல்லைதான்.

"கண்டதத்தான எழுதுவ நீ. ஆறு மணிக்குப் பொறவு என்ன நீ கண்டதே இல்லியே. ஆறடிச்சதும் டப்பாவத் தூக்கிட்டுப் போயிருவ. உங்க வீட்டுல தம்பி இருக்கான், அவன் பொண்டாட்டி இருக்கா, பிள்ளைக சத்தம். நா டிவிக்காரங்கிட்ட பேசுவேன். செய்தி வாசிக்கிறவன் வணக்கம்னா, நானும் வணக்கம்பேன். ஏழரைக்கே படுத்திருவேன். அந்த வீடு அப்பம் எவ்வளவு பெருசு தெரியுமாட்டி ஒனக்கு?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இருந்திருவ. தம்பி வீட்டுல அதுக்கு ஒரு பேச்சு வரும். எனக்காக நீ ஏன் பேச்சு வாங்கணும்?"

டப்பாவில் கடைசிக் கத்திரிக்காயை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த ரயில்காரருக்கு நீயே பதில் எழுது. ஒன்னயத்தான கேட்டிருக்காரு."

ஜூலை 9, புதன்

பதில் எழுதினேன். ஐந்து தடவை அடித்து ஐந்து தடவை அழித்தேன்.

'கூட இருப்பவள் நான்தான். பெயர் மரகதவல்லி. அவளுக்குக் கண் சரியில்லாத நாட்களில் உங்கள் கேள்வியை நான்தான் ஒளித்து வைத்தேன். தப்பு என்னுடையது. சனிக்கிழமை வரலாம்.'

'வரலாம்' என்ற சொல்லை எழுத அதிக நேரம் பிடித்தது. மனமாரத்தான் எழுதினேன் என்று இந்த நோட்டிலாவது பொய் எழுத மாட்டேன். பச்சையை அழுத்தினேன்.

ஜூலை 12, சனி

தூத்துக்குடி பாசஞ்சரில் வந்து பாளையங்கோட்டை ஸ்டேஷனில் இறங்கினார். கையில் மக்ரூன் பொட்டலம் இரண்டு. ஒன்றை ரூபியிடம் கொடுத்தார், ஒன்றை என்னிடம் கொடுத்தார். "டீச்சர், முதல்ல உங்கள்ட்டதான் அனுமதி கேக்கணும்" என்றார்.

"ட்ரெயினு ஏறி வந்தாச்சு, இனி என்ன அனுமதி?" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். ரூபியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், எனக்கென்று அவள் வைத்திருக்கிற சிரிப்பு. அதை அவருக்கும் கொடுத்தாள்.

ரூபி மயில் கழுத்துப் பட்டு கட்டியிருந்தாள்.

பேக்கரி வரைக்கும் நடந்தோம். ரோட்டில் மூன்று பேர் சேர்ந்து நடக்க முடியாது. நான் வேண்டுமென்றே பின்தங்கினேன், அவர்கள் முன்னால் போனார்கள். ரூபி வழக்கம்போல் வண்டிகள் பக்கம் போனாள். அவர் ஒன்றும் சொல்லாமல் பின்னால் சுற்றி வந்து, அவளுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தார்.

ரூபிக்கு உள்பக்கம் நடக்கத் தெரியவில்லை. தடுமாறினாள். சுவரில் தோள் இடித்தது. மறுபடி வெளிப்பக்கம் வரப் பார்த்தாள், அவர் இடம் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி போனபின் கையை வீசி நடக்க ஆரம்பித்தாள். நடந்துகொண்டே கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவள் ரோட்டைத்தான் பார்த்திருக்கிறாள். கடைகளைப் பார்த்தது நான்.

'வண்டிகள் போகும் பக்கம் தான் நடந்து.' எழுதியது நான்தான். மொத்தக் குறிப்பிலும் நல்ல அவதானிப்பு அதுதான் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன். ஒரு நாளாவது பக்கம் மாறி நடந்தேனா? தோன்றவே இல்லை. முதல் நாள் வந்த ஒருவருக்குத் தோன்றியது.

இரவு சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மக்ரூன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மாலை ஆறு மணிக்குக் கிளம்பவில்லை. எட்டரை வரைக்கும் ரூபி வீட்டில் இருந்தேன். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னார். ரூபி சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

வீட்டில் பேச்சு வந்தது. வாங்கிக்கொண்டேன். மக்ரூனைப் பிரித்துத் தம்பி பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். முட்டை சேர்ந்தது என்று தெரிந்தும் ஒன்று தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் அவர் வருகிறார்.

ஜூலை 14, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு மதிலில் மூன்று தட்டு. நான் ஏற்கெனவே கேட்டுக்கு உள்பக்கம் தயாராக நின்றுகொண்டிருந்தேன்.

நேராக வண்டிகள் பக்கம் போனேன்.

"ஏட்டி, என்ன பக்கம் மாறி வார? உள்ள வா."

"இங்கன காத்து நல்லா வருது."

"காத்தா? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் போகவில்லை. கொஞ்ச தூரம் முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், பிறகு கடைப் பலகைகளை வாசிக்க ஆரம்பித்தாள். அப்புறம் பாட ஆரம்பித்தாள்.

தண்ணீர் டேங்க் முக்கில் ஒரு மணல் லாரி என் புடவையை உரசிக்கொண்டு போனது. கண்ணெல்லாம் தூசி. இவள் தினமும் இதைத்தான் தாண்டி வந்திருக்கிறாள்.

பயந்துதான் போனேன். பக்கம் மாறவில்லை.